யார் வீட்டு இரத்தம்?

சென்னையிலிருந்து விழுப்புரம் செல்லும் இருப்புப்பாதையில், திண்டிவனத்தை நெருங்குமுன் ஒலக்கூர் என்னும் சிறு நிலையம் ஒன்று வரும். விரைவு வண்டியில் செல்வோர் பெயர்ப்பலகையைப் படித்து முடிக்குமுன் நிலையம் பின்னால் போய்விடும். அவ்வூரில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். எங்களில் ஒருவர் முப்பத்தோர் ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். மற்றவர் அவருடைய துணைவியார். வீட்டையும், இரண்டு ஏக்கர் மல்லாட்டைக் கொல்லையையும் கவனித்து வந்தவர். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றே சொல்லுவோம்.

இக்கட்டுரையை 'நாங்கள்' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் மருமகளிடம் ஒரு நாள் இரவு ஒரு கொடுஞ்சொல் சொல்லப்பட்டது. சொன்னவர் ஒருவர், கேட்டுக்கொண்டு வாளாவிருந்தவர் மற்றவர். சொன்னவர் யார், கேட்டிருந்தவர் யார் என்று பிரித்து எழுதினால் எங்களில் ஒருவர் தப்பித்துக்கொள்வார். ஆகவே இருவரும் சொன்னோம் என்றே வாசகர்கள் கொள்ளவேண்டும்.

எங்கள் பேத்தி 2016ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் பிறந்தாள். உரிய காலத்தில் ஞானஸ்நானம் பெற்றாள். உரிய காலத்தில் தவழ்ந்தாள். பதினான்காம் மாதத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தட்டில் பொரியை இட்டால் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி வாயில் இடுவாள். மாலையில் கோழிகளைக் கூட்டில் அடைக்கும் நேரம் வந்தால், பாட்டியைப் போலவே 'பா, பா' என்று அவற்றை அழைப்பாள். எல்லாம் சேர்த்து ஏழெட்டுச் சொற்கள் அவளிடம் இருந்தன. அவற்றை நாங்கள் எண்ணி வைத்திருந்தோம், முதற்பேத்தி அல்லவா?

2018ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் அச்சொற்கள் ஒவ்வொன்றாய்க் குறைந்தன. முதலில் நாங்கள் கவனிக்கவில்லை. பின்பு பொரித்தட்டு அப்படியே கிடந்தது. குழந்தை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் அதனிடம் போகவில்லை. சில வாரங்களில் அவ்விரு கைகளும் மார்புக்கு நேரே ஒன்றோடொன்று சேர்ந்து, ஓயாமல் எதையோ கழுவுவது போல் பிசையத் தொடங்கின. இரவில் காரணமின்றி வீறிட்டு அழுவாள். மருத்துவர் ஒருவர், சில குழந்தைகள் தாமதமாகத்தான் பேசும் என்றார். பேசிக்கொண்டிருந்த குழந்தை நிறுத்திவிட்டது என்று நாங்கள் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அண்டை வீட்டார் திருஷ்டி என்றனர். உறவினர் சிலர் தாய் வேலைக்குப் போனதால் வந்த ஏக்கம் என்றனர். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லாக் காரணங்களும் எப்படியோ அந்தப் பெண்ணிடமே போய் முடிந்தன.

இங்கேதான் எங்கள் வீட்டு அறிவியல் வந்து சேர்ந்தது. ஆசிரியராய் இருந்தவர் முப்பது ஆண்டுகளாக மெண்டலின் பட்டாணிச் செடிகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவர். கிரிகோர் மெண்டல் அகுஸ்தீன் சபைக் குரு என்பதை நம் வாசகர்கள் அறிந்திருப்பர். புருனோ நகரத்து மடத்தின் தோட்டத்தில் அவர் ஆண்டுக்கணக்காய்ப் பட்டாணி வளர்த்து, 1866இல் தம் முடிவுகளை அச்சிட்டார். நெட்டையும் குட்டையும் கலந்தால் முதல் தலைமுறையில் குட்டை மறைந்துவிடும். அடுத்த தலைமுறையில் அது நாலில் ஒரு பங்காய் மீண்டும் தலைகாட்டும். மறைந்திருந்த பண்பு மறைந்தே இராது என்று எத்தனை மாணவர்களுக்குச் சொல்லியிருப்போம்! எங்கள் மருமகளின் தாய்மாமன் ஒருவருக்கு வலிப்பு உண்டு என்று பின்னாளில் தெரிய வந்தது. அவ்வளவு போதாதா? பட்டாணிக் கட்டத்தில் ஆளைப் போட்டுப் பார்த்தோம். கணக்குச் சரியாக வந்தது. அரைகுறைக் கணக்கு எப்போதும் சரியாகத்தான் வரும்.

2019ஆம் ஆண்டு, பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு நாள், அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கையில் அந்தச் சொல் வெளிவந்தது. "வலிப்புக்காரன் வீட்டில் பெண் எடுத்தோம், உங்கள் வீட்டு இரத்தம் எங்கள் வீட்டுக் குழந்தையைத் தின்கிறது." அவள் மறுமொழி கூறவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்தாள். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். மறுநாள் விடியற்காலைப் பேருந்தில் குழந்தையுடன் செஞ்சிப் பக்கத்திலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். செங்கற்பட்டுப் பக்கம் ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் எங்கள் மகன், அதன்பின் விடுமுறை நாட்களில் ஒலக்கூருக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று ஆண்டவரிடம் கேட்டது நம் எல்லாருக்கும் தெரிந்த நிகழ்ச்சி. அவர்களாவது கேள்வியாய்க் கேட்டார்கள்.

ஆறு மாதங்களுக்குப் பின் மகன் தொலைபேசியில் அழைத்தான். சென்னையில் பெரிய மருத்துவமனை ஒன்றில் குழந்தையின் இரத்தத்தையும், பெற்றோர் இருவரின் இரத்தத்தையும் எடுத்து மரபணுப் பரிசோதனை செய்திருப்பதாகவும், முடிவைக் கேட்க நாங்களும் வரவேண்டுமென்று மருத்துவரம்மா சொன்னதாகவும் கூறினான். போனோம். மருமகள் எங்களுக்கு எதிர் வரிசையில் அமர்ந்திருந்தாள். "வாங்க அத்தை, வாங்க மாமா" என்று முறைப்படி சொன்னாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நோயின் பெயர் ரெட் நோய்க்குறி. ஆந்திரேயாஸ் ரெட் என்பவர் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர். 1954இல் அவருடைய காத்திருப்பு அறையில் இரண்டு சிறுமிகள் தத்தம் தாயின் மடியில் அமர்ந்து, ஒரே மாதிரி கைகளைப் பிசைந்துகொண்டிருந்ததை அவர் கண்டார். அக்காட்சியே தொடக்கம். 1966இல் அவர் அதை ஜெர்மானிய மொழியில் எழுதினார். ஏறத்தாழ எவரும் படிக்கவில்லை. 1983இல் சுவீடன் நாட்டு ஹாக்பெரி என்பவரும் பிறரும் முப்பத்தைந்து சிறுமிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பின்னரே உலகம் விழித்தது. பத்தாயிரம் பெண் குழந்தைகளில் ஒருவருக்கு என்ற அளவில் இது வருகிறது.

மருத்துவரம்மா ஒரு தாளை எடுத்து வரைந்தார். "ஐயா, நீங்கள் அறிவியல் ஆசிரியர் என்று உங்கள் மகன் சொன்னார். ஆகவே விளக்கமாகச் சொல்கிறேன். குழந்தையின் எக்ஸ் குரோமோசோமில் மெக்பி-2 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அந்த மாற்றம் அம்மாவிடம் இல்லை. அப்பாவிடமும் இல்லை. இந்தக் குழந்தையிடம்தான் அது முதன்முதலாக வந்திருக்கிறது" என்றார்.

வலிப்புள்ள தாய்மாமன் என்று எங்களில் ஒருவர் ஏதோ தொடங்கினோம். "அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை" என்று அவர் முடித்துவிட்டார். பின்பு, எங்கள் முகங்களைப் பார்த்தோ என்னவோ, மேலும் சொன்னார். மூன்று நூறு கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகளைப் படியெடுக்கையில் பிழை நேராமல் இராது; பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும், தாய் தந்தை இருவரிடமும் இல்லாத புது மாற்றங்கள் அறுபது எழுபது இருக்கின்றன; பெரும்பாலானவை எவ்விடத்தையும் தொடாமல் போய்விடுகின்றன. ஆண்களின் விந்தணுக்கள் வாழ்நாள் முழுவதும் புதிதாய் உருவாகிக்கொண்டே இருப்பதால், இத்தகைய மாற்றங்களில் பெரும்பகுதி தந்தை வழியாகவே வருகிறது. ரெட் நோய்க்குறியிலும் அப்படியே.

தந்தை வழி என்றால் எங்கள் வழி. அறையில் எவரும் அதை எடுத்துச் சொல்லவில்லை. மருமகள் குழந்தையின் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வந்தோம். அதில் அவர் எழுதியிருந்த சொற்களில் ஒன்று குரோமாட்டின். எங்களுக்குப் புதிய சொல் அன்று. உட்கருவில் சாயமேற்கும் பொருள் குரோமாட்டின் எனப்படும் என்று பாடநூலில் ஒரே ஒரு வரி உண்டு. தேர்வில் ஒரு மதிப்பெண் வினாவாக அது வரும். ஜெர்மானியரான வால்டர் பிளெமிங் 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் உயிரணுக்களுக்குச் சாயமிட்டுப் பார்த்துச் சூட்டிய பெயர் அது. முப்பத்தோர் ஆண்டுகள் அந்த வரியைப் படித்துக்காட்டியிருக்கிறோம். அது என்ன செய்கிறது என்று ஒரு மாணவன்கூடக் கேட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இப்போது கேட்கவேண்டியதாயிற்று. கண்ணாடியை மாற்றிக்கொண்டு, மகன் வாங்கி அனுப்பிய நூல்களையும் கட்டுரைகளையும் ஓர் ஆண்டுக்கு மேல் படித்தோம். நோய்த்தொற்றுக் காலத்தில் கோவில்கள் மூடிக்கிடந்த மாதங்கள் அதற்குப் பயன்பட்டன.

படித்ததில் புரிந்ததைச் சொல்கிறோம். ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும் உள்ள டி.என்.ஏ. இழைகளை நீட்டிக் கோத்தால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம் வரும். உட்கருவோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத் தாண்டாது. இந்நீளம் அதற்குள் அடங்கவேண்டுமானால் சுற்றி வைக்கத்தான் வேண்டும். ஹிஸ்டோன் என்னும் புரதங்கள் எட்டுச் சேர்ந்து ஓர் உருளையாகின்றன. அதன்மேல் இழை ஏறத்தாழ ஒன்றே முக்கால் சுற்றுச் சுற்றுகிறது. பிறகு சிறிது நீண்டு அடுத்த உருளைக்குப் போகிறது. இவ்வுருளைக்கு நியூக்ளியோசோம் என்று பெயர். ராஜர் கோர்ன்பெர்க் என்னும் இளைஞர் 1974இல் இந்த அமைப்பை ஊகித்துச் சொன்னார். 1997இல் சூரிச்சில் கரோலின் லூகர், டிமத்தி ரிச்மண்ட் முதலியோர் அதன் முழு வடிவத்தையும் அணு அணுவாய்க் காட்டினர். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தோர் கண்ணுக்கு இது நூலில் கோத்த மணிபோல் தெரிந்ததாம். நமக்குச் செபமாலை நினைவுக்கு வரும். ஆனால் செபமாலையில் நூல் மணிக்குள் நுழைந்து செல்கிறது. இங்கு நூல் மணியைச் சுற்றிக்கொள்கிறது. இப்படி மூன்று கோடி மணிகள் ஓர் உயிரணுவுக்குள்.

அடக்கி வைப்பது மட்டும் அதன் வேலை அன்று. சுற்றி இறுக்கப்பட்ட இடத்திலுள்ள மரபணுவைப் படிக்க முடியாது. தளர்ந்த இடத்திலுள்ளதைப் படிக்கலாம். கண்ணின் உயிரணுவிலும் ஈரலின் உயிரணுவிலும் இருப்பது ஒரே நூல்தான். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எந்தப் பக்கம் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. கொல்லையைக் கவனித்தவருக்கு இதைச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. "மல்லாட்டை அப்படித்தானே?" என்றார். பூ மேலே வெளிச்சத்தில் பூக்கிறது. விழுது மண்ணுக்குள் இறங்கி இருட்டைக் கண்டபிறகே காய் பருக்கிறது. மண்ணைத் தொடாத விழுது காயாகாமல் வாடிவிடும். விதையும் ஒன்று, செடியும் ஒன்று. இருள் வந்து தொட்டால் ஒரு கட்டளை திறக்கிறது. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய டி.எம்.வி. இரகங்களை ஆண்டுக்கணக்காய் விதைத்தவருக்கு, மரபணுக் கட்டுப்பாட்டைப் பற்றி ஆசிரியர் சொல்லிக்கொடுக்க அதிகம் இருக்கவில்லை.

இந்தப் படிப்பின் நடுவில்தான் எதிர்பாராத ஒரு பெயர் எதிர்ப்பட்டது. வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 1952இல் சிதம்பரத்தில் பிறந்தவர். அன்று சிதம்பரமும் ஒலக்கூரும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல்தான். 2009ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபெல் பரிசை அவர் தாமஸ் ஸ்டைட்சுடனும் ஆடா யோனத்துடனும் பகிர்ந்துகொண்டபோது, எங்கள் பள்ளியில் இனிப்பு வழங்கினோம். பரிசு ரைபோசோம் ஆய்வுக்காக. அதுவே எல்லாரும் அறிந்தது. அதற்கு முன் பத்தாண்டுகளுக்கு மேல் அவர் குரோமாட்டினோடும் போராடியவர் என்பதை அப்போது நாங்கள் அறியவில்லை.

அவருடைய பெற்றோர் இருவரும் விஞ்ஞானிகள். தாயார் ராஜலட்சுமி உணவூட்டம் பற்றிய ஆய்வில் பெயர் பெற்றவர். மூன்று வயதில் குடும்பம் பரோடாவுக்குப் போயிற்று. அங்கு இயற்பியல் பட்டம். 1976இல் அமெரிக்காவில் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம். பட்டம் கைக்கு வந்ததும் அவர் செய்தது எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது. கற்ற துறை தமக்குரியதன்று என்று கண்டு, கலிபோர்னியாவில் மறுபடியும் மாணவராய்ச் சேர்ந்து உயிரியலை அடியிலிருந்து படித்தார். கற்றது போதாது என்று தெரிந்தபின் மறுபடி மாணவன் வரிசையில் போய் உட்கார்வது எளிதா? எங்களுக்கு அறுபத்தைந்து வயதில், அதுவும் அடிபட்ட பிறகுதான் அது வாய்த்தது.

1983 முதல் 1995 வரை அவர் நியூயார்க்கை அடுத்த புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இருந்தார். அங்கு அவர் குரோமாட்டினில் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று கோழியின் இரத்தத்திலிருந்து வந்தது. மனிதனின் சிவப்பணு முதிரும்போது உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. கோழியின் சிவப்பணு அப்படிச் செய்வதில்லை. உட்கருவை வைத்துக்கொண்டே, அதிலுள்ள ஏறத்தாழ எல்லா மரபணுக்களையும் பூட்டிவிடுகிறது. அந்தப் பூட்டில் பங்குகொள்ளும் புரதங்களுள் ஒன்று ஹிஸ்டோன் எச்-5. மற்ற உயிரணுக்களில் அதன் இடத்தில் எச்-1 இருக்கும். நாம் சொன்ன மணியில் நூல் நுழையும் இடமும் வெளியேறும் இடமும் சந்திக்கும் வாயிலில் இவை அமர்ந்து, சுற்று அவிழாதபடி காக்கின்றன. 1993இல் ராமகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் எச்-5 புரதத்தின் மையப்பகுதியின் வடிவத்தைக் கண்டறிந்து வெளியிட்டனர்.

அவ்வடிவத்தில் ஒரு வியப்பு இருந்தது. அதே ஆண்டில் வேறொரு குழுவினர், மரபணுவைத் தேடிப் பிடித்துத் திறந்துவிடும் புரதம் ஒன்றின் வடிவத்தை வெளியிட்டனர். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை போல் இருந்தன. பூட்டுக்கும் சாவிக்கும் ஒரே அச்சு! 1994இல் கனநீரையும் நியூட்ரான் கதிர்களையும் கொண்டு, எச்-1 புரதம் தடித்த குரோமாட்டின் கயிற்றின் வெளியே அன்று, உள்ளே இருக்கிறது என்றும் அவர்கள் காட்டினர். சோதனைக் குழாயில் தெரியும் அந்தத் தடித்த கயிறு உயிருள்ள உட்கருவுக்குள் அதே வடிவில் காணப்படவில்லை என்று பிற்கால ஆய்வாளர் கூறுகின்றனர். அறிவியலில் ஒருவர் உழைப்பு வீணாயிற்று என்று சொல்வதற்கில்லை; எது எங்கே பொருந்தும் என்பது பின்னால்தான் தெரிகிறது. 1998இல் ஹிஸ்டோன்களின் வாலில் வேதிக்குறி வைத்துச் சுற்றைத் தளர்த்தும் புரதக் குடும்பத்தில் ஒன்றான ஹாட்-1 என்பதன் வடிவமும் அவர் ஆய்வகத்திலிருந்து வந்தது. பின்பு அவர் ரைபோசோமிலேயே முழுதாய் இறங்கிவிட்டார்.

பரிசு கிடைத்த வாரத்தில் அவரை உறவு கொண்டாடாதவர் இல்லை. அவர் படித்திராத இடத்தில் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததாகக் கூடச் சிலர் கூறிக்கொண்டனர். அவருக்கு அது சலிப்பூட்டிற்று; ஒருவன் இன்ன நாட்டில் பிறந்தான் என்பது தற்செயல் என்ற கருத்தை வெளிப்படையாகவே சொன்னார். அப்போது எங்களுக்குக் கோபம் வந்தது. இப்போது வேறு விதமாய்த் தோன்றுகிறது. பெருமை வந்தால் எங்கள் மண், எங்கள் இரத்தம் என்று இனிப்பு வழங்கினோம். குறை வந்தபோது உங்கள் வீட்டு இரத்தம் என்று சொன்னதும் அதே வாய்தான்.

எங்கள் பேத்தியிடம் பிழைபட்ட மெக்பி-2 என்ன செய்கிறது என்பதைக் கண்டறிந்தவர்கள் வேறு இருவர். எடின்பரோவில் ஏட்ரியன் பேர்ட் 1992இல் அப்புரதத்தைக் கண்டார். டி.என்.ஏ. இழையின் எழுத்துகளில் சிலவற்றின் மேல் மெத்தில் என்னும் சிறு வேதிப்புள்ளி இருக்கும். அப்புள்ளியைக் கண்டு அமர்ந்து, அங்குள்ள மரபணுக்களை அடக்கி நடத்துவது அதன் தொழில். அவருக்கு அப்போது ரெட் நோய்க்குறியைப் பற்றிய நினைவே இல்லை. லெபனானில் பிறந்து, உள்நாட்டுப் போரால் ஊர் திரும்ப முடியாமல் அமெரிக்காவிலேயே மருத்துவம் முடித்த ஹூடா சோக்பி என்னும் அம்மையார், 1983இல் ஹூஸ்டனில் இந்நோயுள்ள சிறுமி ஒருத்தியைக் கண்டார். அதன் மரபணுவைத் தேடிப் பதினாறு ஆண்டுகள் உழைத்தார். பரம்பரையாய் வராத நோய்க்கு மரபணு தேடுவது வீண் என்று கருதினோர் உண்டு. 1999இல் கிடைத்தது, அது பேர்ட் கண்ட அதே புரதத்தின் மரபணு.

மூளையின் நரம்பணுக்களில் இப்புரதம் மிகுதி; நியூக்ளியோசோம் மணிகளின் எண்ணிக்கையை ஏறத்தாழ ஒத்த அளவு என்று 2010இல் பேர்ட் குழுவினர் கணக்கிட்டனர். அப்புரதம் இல்லாத எலிகளின் நரம்பணுக்களில் எச்-1 இரு மடங்காய்ப் பெருகியிருந்ததையும் அவர்கள் கண்டனர். அஃதாவது, கோழியின் சிவப்பணுவில் எச்-5 காக்கும் வாயிலுக்கு ஒப்பான ஓர் இடத்தில்தான் எங்கள் பேத்தியின் மூளையிலும் குறை நேர்ந்திருக்கிறதோ என்று எண்ண இடமிருக்கிறது. இதைப் படித்த அன்று மாலை, முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகளை இருவரும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனி அந்தப் பயணத்தைச் சொல்லவேண்டும். மருத்துவமனையிலிருந்து திரும்பிய மறுவாரம், 2019 ஆகஸ்டில், திண்டிவனம் போய்ச் செஞ்சிப் பேருந்தில் ஏறினோம். அவித்த மல்லாட்டை ஒரு பை. வேறு என்ன கொண்டு போவதென்று தெரியவில்லை. சம்பந்தி அம்மாள் வாசலில் வந்து வரவேற்றார், காப்பி கலந்தார். அவர் முன்னிலையில், சொன்னவரும் கேட்டிருந்தவரும் ஆகிய நாங்கள் இருவரும் எழுந்து நின்று, நாங்கள் சொன்னது பொய், அதைச் சொன்னது பெரும் தவறு, மன்னித்துக்கொள் என்று மருமகளிடம் கூறினோம்.

அவள் உடனே எதுவும் சொல்லவில்லை. குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். பிறகு எங்களை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "மாமா, பரிசோதனையில் என் பக்கம் என்று வந்திருந்தால் நீங்கள் வந்திருப்பீர்களா?"

சம்பந்தி அம்மாள் அவளை அதட்டினார். நாங்கள் வேண்டாமென்று தடுத்தோம். விடை சொல்ல முயன்றோம், வரவில்லை. பேருந்தில் திரும்பும்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் வந்தோம். முன்பு பிழையாய்ப் போட்ட கணக்கைத் திருத்திக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டிருந்தோம். கணக்குப் போட்டதே பிழை என்பதை அவள்தான் கண்டாள்.

இரண்டு மாதம் கழித்து அவள் ஒலக்கூருக்கு வந்தாள். எங்களுக்காக வந்ததாய் நாங்கள் எண்ணிக்கொள்ளவில்லை. திண்டிவனத்தில் குழந்தைக்கு இயன்முறைப் பயிற்சி கொடுப்பவர் கிடைத்திருந்தார். எங்கள் வீடு அதற்கு அருகில் இருந்தது. ஏழு மணிக்குக் குழந்தையைக் குளிப்பாட்டுவது, கால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி தருவது, முதுகு வளையாதபடி உட்கார வைப்பது ஆகியவற்றில் எங்களுக்கும் வேலை பங்கிட்டுக் கொடுத்தாள். வலிப்பு வந்தால் என்ன செய்யவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். அதைத் தன் தாய்மாமனுக்குச் சிறுவயதில் வந்தபோது பார்த்துக் கற்றிருந்தாள்.

மருந்து உண்டா என்று வாசகர்கள் கேட்பர். 2007இல் பேர்ட் குழுவினர், மெக்பி-2 பூட்டப்பட்ட எலிகள் நோயுற்று நலிந்த பின்னும், அம்மரபணுவை மீண்டும் திறந்துவிட்டால் அவை தேறி எழுவதைக் காட்டினர். நரம்பணுக்கள் அழிந்துவிடவில்லை, காத்திருக்கின்றன என்பது அதன் பொருள். ஆயினும் இப்புரதம் மிகுந்தாலும் மூளைக்குக் கேடு. மெக்பி-2 இரட்டித்துப் பிறக்கும் ஆண் குழந்தைகள் வேறொரு கடுநோய்க்கு ஆளாகிறார்கள். எனவே உப்பிடுவது போல் அளவாய்ச் சேர்க்கவேண்டும். ஒவ்வோர் உயிரணுவிலும் இரு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அடங்கிவிடுகிறது என்று மேரி லயான் அம்மையார் 1961இல் சொன்னதை நாங்கள் பாடமாய் நடத்தியதுண்டு. அதன்படி எங்கள் பேத்தியின் நரம்பணுக்களில் ஏறத்தாழ ஒரு பாதி நல்ல மரபணுவோடும் மறுபாதி பிழைபட்டதோடும் இருக்கின்றன. குறையுள்ளதற்குக் கொடுக்கவேண்டும், குறையில்லாததற்குக் கூடிவிடக் கூடாது. 2023இல் அமெரிக்காவில் டிரோஃபினடைட் என்னும் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அது அறிகுறிகளைச் சிறிது குறைப்பது, நோயைத் தீர்ப்பதன்று. மரபணுவையே செலுத்திப் பார்க்கும் சோதனைகளும் அதே ஆண்டில் மனிதரிடம் தொடங்கின. அவற்றுள் ஒன்றில் உயர்ந்த அளவு பெற்ற ஒரு நோயாளி 2024இல் இறந்தார். யார் பெற்ற குழந்தையோ. அந்தச் செய்தியை மருமகளிடம் சொல்லலாமா என்று நாங்கள் தயங்கினோம். அவள் முன்பே படித்திருந்தாள்.

எங்கள் பேத்திக்கு இப்போது ஒன்பது வயது. பேசுவதில்லை, கைகள் பிசைவது நிற்கவில்லை. கண்கள் மட்டும் நன்றாய்ப் பேசுகின்றன. அவள் தாய் ஒரு கையில் பால் டம்ளரையும் மறு கையில் தண்ணீர் டம்ளரையும் பிடித்துக் காட்டுவாள். குழந்தை எதைப் பார்க்கிறாளோ அது. அவசரப்படுத்தக் கூடாது. சில நாள் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கவேண்டும். எங்களில் ஒருவர் அவசரப்பட்டுப் பாலைக் கொடுத்துவிட்டால் மருமகள், "இருங்கள் மாமா, அவள் இன்னும் சொல்லவில்லை" என்பாள்.

மாலையில் கோழி அடைக்கும் நேரத்தில் அவளது நாற்காலியை முற்றத்துக்கு நகர்த்துவோம். பாட்டி 'பா, பா' என்று அழைப்பார். கோழிகள் ஒவ்வொன்றாய்க் கூட்டுக்குள் நுழையும். கடைசிக் கோழி உள்ளே போகும்வரை அவள் கண்கள் அதைவிட்டு அகலா. ஒன்று குறைந்தால் வேலியோரம் பார்ப்பாள். போய்த் தேடினால் அது அங்கேதான் இருக்கும்.